மன்னிப்பு, குணமாவது, திரும்பச் சேர்த்துக்கொள்வது: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் கத்தோலிக்கப் பகுதி) 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் இதில்தான் வருகின்றன. இங்கே அன்பியக் கூட்டங்களிலும் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு ஜெபக் குழு), திருப்பலி எனும் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும், டீக்கடையிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, குருவாக இல்லாத ஒரு சாதாரணக் கத்தோலிக்கனாக எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். பைபிள் வரிகள் பொது மொழிபெயர்ப்பில் உள்ளபடி.

ஒதுக்கப்பட்டவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? இப்போதெல்லாம் யார் யாரை ஒதுக்குகிறார்கள்?

கல்யாணப் பத்திரிகை யார் வீட்டுக்குப் போகவில்லை என்று பாருங்கள், பதில் கிடைத்துவிடும். தொழுநோய் வந்து குணமானவர், எச்ஐவி உள்ள லாரி டிரைவரும் அவர் மனைவியும், சேலம் சிறையிலிருந்து திரும்பி வந்த பையன், சாதி மாறிக் கட்டிக்கொண்ட ஜோடி, வீட்டை விட்டு அனுப்பப்பட்ட திருநங்கை, தூக்குப் போட்டு இறந்தவரின் குடும்பம், புருஷன் விட்டுப்போன பெண். யாரும் இவர்களிடம் 'வராதே' என்று வாய் திறந்து சொல்வதில்லை. கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், விரல்கள் மடங்கிப்போனவர், டீக்கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் தன் சொந்த எவர்சில்வர் டம்ளரை வைத்துக்கொண்டு போவார். கடைக்காரர் கேட்டதே இல்லை. அவராகவே நீட்டுவார், கடைக்காரர் டம்ளர் மேல் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். நோய் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, டம்ளர் மட்டும் பையிலேயே இருக்கிறது.

இயேசு தொழுநோயாளரைத் தொட்டார் என்கிறீர்கள். தொட்டதில் என்ன இருக்கிறது? ஒரு வார்த்தை சொன்னாலே குணமாகியிருக்குமே?

ஆமாம், வார்த்தையாலேயே குணமாக்கிய நிகழ்ச்சிகளும் நற்செய்தியில் உண்டு. அதனால்தான் இந்தத் தொடுதல் முக்கியம்.

பைபிளின் பழைய ஏற்பாட்டில் லேவியர் நூலின் 13ஆம் அதிகாரத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். தோல்நோய் உள்ளவர் கிழிந்த உடை உடுத்தி, தலைமுடியை விரித்துப் போட்டு, 'தீட்டு, தீட்டு' என்று தானே கத்திக்கொண்டு, ஊருக்கு வெளியே தனியாகக் குடியிருக்க வேண்டும். (அதில் சொல்லியிருப்பது இன்றைய தொழுநோய் மட்டும் கிடையாது. பலவகைத் தோல் நோய்களும், துணியில் பிடிக்கிற பூஞ்சையும், அடுத்த அதிகாரத்தில் சுவரில் பிடிக்கிற பூஞ்சையும்கூட அதே தலைப்பில் வருகிறது.) யாராவது அவரைத் தொட்டால் தொட்டவருக்கும் தீட்டு. அப்படிப்பட்ட ஒருவர் மாற்கு 1ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் வந்து முழந்தாள்படியிட்டு, நீர் விரும்பினால் நோயை நீக்க உம்மால் முடியும் என்கிறார். முடியுமா என்று அவர் கேட்கவே இல்லை, விருப்பம் இருக்கிறதா என்பதுதான் அவர் சந்தேகம். இயேசு கையை நீட்டித் தொடுகிறார், அதற்கப்புறம்தான் 'நான் விரும்புகிறேன், உமது நோய் நீங்குக!' என்கிறார். வரிசையைக் கவனியுங்கள். குணமான உடம்பைத் தொடவில்லை, நோயோடு இருக்கும்போதே தொட்டார்.

அதோடு விடவில்லை. போய் குருவிடம் காட்டு என்று அனுப்புகிறார். அந்தக் காலத்தில் குரு பார்த்துச் சொன்னால்தான் ஊருக்குள் வர முடியும், வீட்டில் படுக்க முடியும், கோயிலுக்குப் போக முடியும். அதாவது தோல் சரியானது பாதி, ஊர் திரும்பச் சேர்த்துக்கொள்வது மீதி. இந்த மீதிப் பாதியை இயேசு எங்கேயும் மறக்கவில்லை. நம் ஊரில் பாக்கி நிற்பது அந்தப் பாதிதான் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அந்தப் பகுதியின் கடைசி வரியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். குணமானவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார், அதனால் இயேசு எந்த ஊருக்குள்ளும் வெளிப்படையாகப் போக முடியாமல் வெளியே தனிமையான இடங்களில் தங்கினார். வெளியே இருந்தவர் உள்ளே வந்தார், உள்ளே இருந்தவர் வெளியே போனார். ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் நமக்கும் ஏதாவது விலை இருக்கும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது.

நோய் என்பது செய்த பாவத்துக்குத் தண்டனைதானே? பெரியவர்கள் அப்படித்தானே சொல்கிறார்கள்?

சீடர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். யோவான் 9இல் பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைக் காட்டி, இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று இயேசு நேராகச் சொல்லிவிட்டார். முன்ஜென்மம், குடும்ப சாபம், அப்பன் செய்த பாவம் பிள்ளை தலையில், எதையும் அவர் ஏற்கவில்லை. பார்வை வந்த பிறகு அந்த மனிதரைத் தொழுகைக்கூடத்திலிருந்து வெளியே தள்ளினார்கள். அதைக் கேள்விப்பட்ட இயேசு அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசினார். இனிமேல் யாராவது படுத்த படுக்கையாக இருப்பவரிடம் போய் 'என்ன பாவம் செஞ்சியோ' என்று ஆரம்பித்தால், தயவுசெய்து எழுந்து, அப்படிப் பேசுகிறவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரி, தொழுநோய் ஒட்டாது என்கிறார்கள், ஆனால் குணமானவருக்கும் விரல் மடங்கித்தானே இருக்கிறது? எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. விரல் மடங்கியிருப்பதும் நோய் இருப்பதும் ஒன்று கிடையாது. 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். அந்தக் கிருமி நரம்பைக் கெடுக்கிறது, நரம்பு கெட்டால் உணர்ச்சி போகிறது. சூடான டம்ளரைப் பிடித்தால் சுடுவது தெரியாது. செருப்புக்குள் முள் ஏறினால் தெரியாது, அதே காலோடு நாள் முழுக்க நடப்பார், புண் ஆழமாகும். பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் (நம் பக்கத்துக் கொல்லிமலையில் 1914இல் மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர்) வேலூர் சிஎம்சியில் வேலை செய்தபோது இதைத்தான் நிரூபித்தார். விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயம் பட்டுப் பட்டுத் தேய்கிறது. தூங்கும்போது எலி கடித்தால்கூட சிலருக்குத் தெரியவில்லை. அவர் தசைநாரை இடம் மாற்றி வைத்து, மடங்கிய விரல்களை மறுபடி அசைய வைத்தார்.

மருந்து எல்லா அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். கூட்டு மருந்துச் சிகிச்சையை 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். மருந்தை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். அதுவும் இல்லாமல், பெரும்பாலானவர்களின் உடம்பிலேயே இந்தக் கிருமியைச் சமாளிக்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும், அட்டையில் இருக்கும் ஒரு மாத்திரையால் தோல் கறுக்கும், இன்னொன்றால் சிறுநீர் சிவப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்தக் கூடாது, சிகிச்சை முடிந்தபின் நிறம் மெல்லத் திரும்பும்.

குணமானவருக்குத் தினமும் வேண்டியது பாதப் பராமரிப்பு. பாதத்தைச் சாதாரண தண்ணீரில் ஒரு இருபது நிமிஷம் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லில் மெதுவாகத் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவி, வெடிப்போ புண்ணோ இருக்கிறதா என்று ஒவ்வொரு விரல் இடுக்காகப் பார்க்க வேண்டும். விரல் மடங்கியவரால் தன் காலைத் தானே இப்படிப் பார்ப்பது கஷ்டம். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்கு ஆள் தேடுகிற பங்குக் கோயில்களுக்கு ஒரு யோசனை: பக்கத்துத் தெருவில் ஒருவருக்குத் தினமும் இதைச் செய்துவிட ஆள் தேவைப்படலாம்.

ஜெபித்தாலே போதும், மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் இல்லை என்று ஒரு போதகர் சொன்னார். நிறுத்தட்டுமா?

நிறுத்தாதீர்கள். தொழுநோய், டிபி, எச்ஐவி, சர்க்கரை, வலிப்பு, மனநோய், எதற்கும் நிறுத்தாதீர்கள். ஜெபியுங்கள், மாத்திரையும் சாப்பிடுங்கள். சீராக் 38ஆம் அதிகாரமே மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, மருந்தை ஆண்டவரே நிலத்திலிருந்து படைத்தார் என்கிறது. குணமாக்கும் நிகழ்ச்சிகளை அதிகம் எழுதிய லூக்காவைப் பவுல் மருத்துவர் என்றே குறிப்பிடுகிறார்.

நம் பி.பள்ளிப்பட்டி லூர்து மாதாவிடம் போய் வேண்டிக்கொள்ளும் பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு, எனக்கும் உண்டு. பிரான்சின் லூர்து நகரில், 1858இல் காட்சி நடந்த இடத்தில், குணமடைந்தோம் என்று சொன்னவர்கள் 7,000 பேருக்கு மேல். மருத்துவர்கள் வருஷக்கணக்கில் ஆராய்ந்த பிறகு திருச்சபை புதுமை (அற்புதம்) என்று ஏற்றுக்கொண்டது எழுபதை ஒட்டித்தான். திருச்சபையே அவ்வளவு நிதானமாக இருக்கும்போது, மேடையில் மைக் பிடித்து மாத்திரை டப்பாவைத் தூக்கி எறியச் சொல்பவரை நம்ப வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

எச்ஐவி உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாமா? பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது கை கொடுக்கலாமா?

தாராளமாக. எச்சில், வியர்வை, தட்டு, டம்ளர், கழிப்பறை, கொசு எதிலும் பரவாது. கூட்டு மருந்து அரசு ஏஆர்டி மையங்களில் இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் தாம்பத்தியத்தின் வழியாகக்கூடப் பரவாது. 2017ஆம் வருஷத்துச் சட்டப்படி வேலையிலோ பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ இவர்களைப் பாகுபடுத்தக் கூடாது, நம்பிச் சொன்ன நிலையை அவர்கள் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லவும் கூடாது. 'இவருக்காக ஜெபிப்போம்' என்று கூட்டத்தில் பெயரையும் நோயையும் சேர்த்துச் சொல்வதும் கூடாது, அதைத்தான் நாம் அதிகம் செய்கிறோம்.

வீட்டுக்குத் தூரமான நாளில் கோயிலுக்கு வரலாமா?

வரலாம், நற்கருணையும் (பூசையில் கொடுக்கும் அப்பம்) வாங்கலாம். மலையோர ஊர்கள் சிலவற்றில் இன்னமும் அந்த நாட்களில் பெண்களைத் தனிக் குடிசைக்கு அனுப்புகிறார்கள், மழையிலும் பனியிலும். மாற்கு 5இல் 12 வருஷம் ரத்தப்போக்கு இருந்த பெண் கூட்டத்துக்குள் பயந்து பயந்து வந்து அவர் ஆடையைத் தொடுகிறார். சட்டப்படி அவர் பட்ட இடமெல்லாம் தீட்டு. இயேசு கோபப்படவில்லை, எல்லார் முன்னாலும் 'மகளே' என்று கூப்பிட்டார். யாருக்கும் தெரியாமல் குணமாகிப் போயிருந்தால் ஊர் அவரைத் தொடர்ந்து ஒதுக்கியிருக்கும். ஊர் கேட்கும்படி அவர் சொன்னதால்தான் அந்தப் பெண் திரும்ப ஊருக்குள் வர முடிந்தது.

மன்னித்துவிட்டால் வழக்கை வாபஸ் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இதில் ரொம்பக் குழப்பம் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் பலசாலிகளுக்குச் சாதகமான குழப்பம். 'நீங்க கிறிஸ்தவங்கதானே, மன்னிச்சு விட்டுடுங்க' என்று பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் யார் பக்கத்திலிருந்து வந்திருக்கிறார் என்று பார்த்தாலே புரியும்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளர்களோடு வாழ்ந்த கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சின்னப் பையன்களையும் 1999 ஜனவரியில் மனோகர்பூரில் வண்டியோடு எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார். ஊரை விட்டு ஓடாமல் அதே நோயாளிகளோடு இன்னும் சில வருஷம் இருந்தார், 2005இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் வழக்கு நடந்தது, முக்கியக் குற்றவாளி ஆயுள் தண்டனை பெற்றார். கிளாடிஸ் தன் மனதில் வெறுப்பை வைத்துக்கொள்ளவில்லை, நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது, ஒன்று மற்றதுக்குக் குறுக்கே வரவில்லை. 1981இல் தன்னைச் சுட்டவனைப் போப் இரண்டாம் ஜான் பால் 1983இல் சிறைக்கே போய்ப் பார்த்துப் பேசினார். சுட்டவன் 2000ஆம் வருஷம் வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தான்.

நம் மாவட்டத்திலேயே வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூனில் சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்து 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது (54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள்), 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பது வருஷம் கோர்ட் படியேறிய அந்தப் பெண்களிடம் போய் 'மன்னித்து மறந்துவிடுங்கள்' என்று சொல்ல எந்தக் கிறிஸ்தவனுக்கும் உரிமை இல்லை. மன்னிப்பு பாதிக்கப்பட்டவர் கையில் இருப்பது, வேறு யாரும் அதை அவர் சார்பில் கொடுக்கவும் முடியாது, கேட்டு வாங்கவும் கூடாது.

புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறார். 'எழுபது தடவை ஏழு முறை' மன்னிக்கணும்னு இயேசுவே சொல்லியிருக்கிறார் என்று மாமியார் சொல்கிறார். இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

அம்மா, ஒரு நாள்கூட வேண்டாம். அந்த வசனம் மத்தேயு 18இல் இருக்கிறது. அதே அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது தெரியுமா? தவறு செய்தவரிடம் தனியாகச் சொல், கேட்காவிட்டால் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அப்பவும் கேட்காவிட்டால் திருச்சபையிடம் சொல், அதையும் கேட்காவிட்டால் அவரை வெளியாளாகவே வைத்துக்கொள் என்று இருக்கிறது. உங்கள் மாமியார் முதல் பாதியைப் படிக்காமல் விட்டிருக்கிறார். முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். 181 மகளிர் உதவி எண், எந்த நேரத்திலும் கூப்பிடலாம். மன்னிப்பதா வேண்டாமா என்பதை அடி விழாத இடத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொள்ளலாம்.

மன்னிக்க மனசே வரவில்லை. எனக்குப் பாவமா?

இல்லை. வலிக்கிற இடத்தில் வலிக்கத்தான் செய்யும். பழிவாங்க மாட்டேன் என்று முடிவெடுப்பது ஒன்று, நெஞ்சு லேசாவது இன்னொன்று, முதலாவது உங்கள் கையில் இருக்கிறது, இரண்டாவது அதுவாக வர வேண்டும், சிலருக்குப் பல வருஷம் ஆகும். சிலுவையில்கூட இயேசு 'தந்தையே, இவர்களை மன்னியும்' என்று தந்தையிடம்தான் கேட்டார். உங்களால் முடியாததைக் கடவுளிடம் ஒப்படைப்பதற்கு அதைவிடப் பெரிய முன்மாதிரி கிடையாது.

தப்பு செய்தவன் நான். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் (பாவத்தைக் குருவிடம் அறிக்கையிட்டுவிட்டால்) முடிந்ததா?

பாவம் மன்னிக்கப்பட்டது, அதில் சந்தேகம் வேண்டாம். நீங்கள் சொன்னதைக் குருவானவர் யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும் சொல்ல முடியாது. ஆனால் நிலப் பத்திரத்தை ஏமாற்றி வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், அபாண்டம் பேசியிருந்தால் பேசிய இடத்திலேயே மாற்றிச் சொல்ல வேண்டும். நற்செய்தியில் வரும் சக்கேயு வரி வசூலில் ஊரை அடித்து உலையில் போட்டவர். சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நான்கு மடங்காகவும் கொடுப்பேன் என்றார். அதை அவர் சொல்வதற்கு முன்பே, 'இன்று உமது வீட்டில் நான் தங்க வேண்டும்' என்று இயேசு சொல்லிவிட்டார் என்பதையும் பாருங்கள். சிறையிலிருந்து வந்த பையனுக்கு 'திருந்தினா பார்க்கலாம்' என்று சொல்கிற ஊர் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. வேலையும் கொடுக்காமல், வாசலிலும் நிற்க விடாமல் அவன் எங்கே போய்த் திருந்துவான்?

உங்கள் கோயிலிலேயே சாதி இருக்கிறதே?

இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் இருக்கும் இடங்கள் உண்டு, தேர் எந்தத் தெருவுக்குள் போகாது என்று எழுதாத சட்டம் உண்டு, பெண் கொடுக்கும்போது ஞானஸ்நானம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. 2016இல் இந்திய ஆயர் பேரவையே தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டு இந்தப் பாகுபாடு பாவம் என்று ஒப்புக்கொண்டது. இன்னொரு பக்கம் 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருகிறார்கள். அரசாங்கம் கிறிஸ்தவன் என்று தள்ளுகிறது, கிறிஸ்தவன் சாதி சொல்லித் தள்ளுகிறான். இதைச் சரிசெய்யாமல் தொழுநோயாளர் ஞாயிறு பிரசங்கம் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தற்கொலை செய்துகொண்டவரைக் கோயிலில் அடக்கம் செய்ய முடியாதாமே?

பழைய சட்டம் அது. 1983இல் வந்த திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அவர்கள் பட்ட மனவேதனை பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. பங்குத்தந்தையிடம் போய்க் கேளுங்கள். அந்த வீட்டுக்கு முப்பதாம் நாளும் போங்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. உதவி வாங்கினால் மதம் மாறச் சொல்வீர்களா?

கூடாது, சொன்னால் மறுத்துவிடுங்கள். பத்துத் தொழுநோயாளர்களைக் குணமாக்கியபோது திரும்பி வந்து நன்றி சொன்னது ஒருவர்தான், அவரும் சமாரியர், வேற்றினத்தார். மற்ற ஒன்பது பேரின் குணத்தை இயேசு திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கெரசேனர் பகுதியில் கல்லறைகளுக்கு நடுவே, கட்டிய சங்கிலியையெல்லாம் உடைத்துக்கொண்டு திரிந்தவர் குணமானபின் உங்களோடேயே வருகிறேன் என்று கெஞ்சினார். இயேசு விடவில்லை, உன் வீட்டாரிடம் போ என்று அனுப்பினார்.

சரி, நான் முதலில் என்ன செய்யட்டும்?

உங்கள் தெருவில் யார் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகையைத் தபாலில் போடாமல், ஆள் மூலம் அனுப்பாமல், நேரில் போய்க் கையில் கொடுங்கள், அங்கேயே உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் கேட்டுக் குடியுங்கள். பந்தியில் அவர்களுக்குத் தனி இலை கடைசியில் போடாமல் உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். சொந்தக்காரர் யாராவது எழுந்து போனால் போகட்டும், போய்க் கூப்பிட்டுக்கொண்டு வரப் பிறகு நேரம் இருக்கிறது. டீக்கடை வைத்திருப்பவராக இருந்தால், நீட்டிய டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கடை டம்ளரில் கொடுங்கள்.